தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி அருங்காட்சியகம் போன கதை

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டிக்காக எங்கள் குடும்பத்தில் சண்டை வந்தது உண்மை. ஆனால் அது எனக்கு வேண்டும் என்று வந்த சண்டை அல்ல, எனக்கு வேண்டாம் என்று வந்த சண்டை. பாட்டி இருந்தவரை அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி அது. தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவில் சாப்பராக, அதாவது பாலமும் பாதையும் போடும் வீரராக, இருந்தவர். பர்மா முனைக்குப் போய்த் திரும்பியவர். எடைக்குப் போடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் யாருக்கும் இடமில்லை. கடைசியில், ஒரு சிறிய உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அலையும் வேலை என் தலையில் விழுந்தது.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் ரசீது கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டே அறைகள் கொண்ட அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். “பெட்டியை இப்போது கொண்டுவர வேண்டாம், தம்பி. எதையும் துடைக்கவும் வேண்டாம். கிடப்பது கிடந்தபடியே படம் எடுத்து அனுப்புங்கள். எது யாருடையது, எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று தெரிந்தவரை எழுதுங்கள்” என்றார்.

துடைக்க வேண்டாம் என்ற அறிவுரை பல ஆண்டுகள் தாமதமாக வந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சித்தப்பா பதக்கங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். மொத்தம் நான்கு: 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம், இந்திய சேவைப் பதக்கம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு இவை பெயர் பொறிக்காமலே வந்தன. இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் இருக்கும். நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அவற்றின் பின்புற எழுத்துகள் புளிக்குப் பலியாகிவிட்டன. போர்ப் பதக்கம் கடினமான செம்பு–நிக்கல் கலவை என்பதால் அதன் விளிம்பில் தாத்தாவின் படை எண் தப்பியிருந்தது. பின்னால் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் தேவைப்பட்டது.

பதக்கங்களைப் பார்த்ததும் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இதே வரிசை தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். இந்திய சேவைப் பதக்கம் வாங்க, போர்முனை அல்லாத பணியில் மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டுமாம். தாத்தா போரின் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பர்மாக் காட்டில் கிடந்தார் என்ற எங்கள் வீட்டுக் காவியம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

அவர் கண் நிலைத்தது நாங்கள் குப்பை என்று ஒதுக்கியிருந்தவற்றில். ஆணியால் பெயர் கீறிய தண்ணீர் பாட்டில், தணிக்கை முத்திரை விழுந்த கடிதங்கள், படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், மடித்து வைத்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால நோட்டுகள். சான்றிதழை லேமினேஷன் செய்திருக்கிறீர்களா என்று பதற்றத்தோடு கேட்டார். நல்ல வேளை, எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

நோட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானியர் தாங்கள் பிடித்த பகுதிகளுக்குத் தனித்தனி நோட்டு அச்சிட்டார்கள். அதில் உள்ள ஆங்கிலக் குறியீட்டின் முதல் எழுத்தே ஊரைச் சொல்லிவிடும்: ‘பி’ என்றால் பர்மா, ‘எம்’ என்றால் மலாயா. எங்கள் நோட்டுகளில் இரண்டும் இருந்தன. தாத்தா மலாயா போனதாக வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது அங்கே போரிட்டிருந்தால் அது பசிபிக் போர்முனைக் கணக்கில் சேரும்; பர்மா நட்சத்திரத்தின் ரிப்பனில் ‘பசிபிக்’ என்ற பட்டை இருக்க வேண்டும். பர்மா நட்சத்திரம், பசிபிக் நட்சத்திரம் இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க மாட்டார்கள், இரண்டாவதற்குப் பதிலாகப் பட்டைதான். அந்தப் பட்டை இல்லை. அப்படியானால், ஜப்பான் சரணடைந்தபின் 1945 செப்டம்பர் 9 அன்று மலாயாக் கரையில் இறங்கிய படைகளோடோ அவற்றுக்குப் பின்னாலோ போயிருக்கலாம். அல்லது மலாயா போய் வந்த நண்பர் யாராவது கொடுத்திருக்கலாம். ஹவில்தார் ஐயா இரண்டையும் எழுதிக்கொண்டார், எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு துப்பாக்கித் தோட்டாவும் கிடந்தது. சுடப்படாதது. அதன் படத்தைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. யாரும் கையில் எடுக்க வேண்டாம், பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம், முதலில் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள் என்றார். வெடிமருந்து நிறைந்த தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா கொண்டுவந்தது என்பது அதற்குப் பதில் ஆகாது. காவலர்கள் வந்து எழுதி வாங்கி எடுத்துப்போனார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் குண்டு, தோட்டா, கையெறி குண்டின் கூடு என்று எது இருந்தாலும் இதையே செய்யுங்கள். வெற்றுக் கூடுதானா என்பதைப் பார்வையால் தீர்மானிக்க நமக்குத் தெரியாது.

அடுத்து வந்தது நன்கொடைப் பத்திரம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். அத்தை இங்கேதான் நின்றுவிட்டார். கொடுக்க மாட்டேன், காலவரையறை இல்லாத இரவலாக வேண்டுமானால் தருகிறேன், தாத்தா பெயரில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி எப்போதும் இருக்க வேண்டும் என்றார். இரண்டையும் அவர்கள் ஏற்கவில்லை. காலவரையறையற்ற இரவல் என்றால் நாளை வேறொரு வாரிசு வந்து திருப்பிக் கேட்பார். அதுவரை பராமரித்த செலவும் பொறுப்பும் யாருடையவை என்ற தகராறு வரும். எப்போதும் காட்சியில் வைப்பதற்கோ வெளிச்சம் தடை. பழைய துணியையும் காகிதத்தையும் 50 லக்ஸ் அளவு மங்கல் ஒளியில், அதுவும் சில மாதங்கள்தான் வைக்கலாம். பிறகு இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

அத்தை விடவில்லை. “நீங்கள் இருக்கும்வரை சரி. உங்களுக்குப் பிறகு இந்த இடத்தை மூடிவிட்டால் என் அப்பாவின் பொருள் எங்கே போகும்?” என்று கேட்டார். என்னைக் கேட்டால், இந்த விவகாரம் முழுவதிலும் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி இதுதான். சிறிய அருங்காட்சியகங்கள் பல ஒரே மனிதரின் பிடிவாதத்தால் நடக்கின்றன. அவர் படுத்தால் அறைக்குப் பூட்டு விழும். கேள்விக்குப் பலன் இருந்தது. நிறுவனம் மூடப்பட்டால் பொருட்களை விற்கக்கூடாது, முதலில் குடும்பத்துக்குத் தகவல் தந்து வேறொரு பொது அருங்காட்சியகத்துக்கே மாற்ற வேண்டும் என்ற வரி பத்திரத்தில் ஏறியது. அத்தை அதை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகுதான் பொருட்கள் உள்ளே போயின. கம்பளிச் சட்டையில் பூச்சிப் புழு இருந்ததால் அதைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, −18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தார்கள். தோல் பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் பச்சையாக மெழுகுபோல் படிந்திருந்தது. தோலிலுள்ள எண்ணெயும் செம்பும் சேர்ந்தால் அப்படி ஆகுமாம். மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டினார்கள். சேர்ப்புப் பதிவேட்டின் எண்ணைத் துணியில் நேரடியாக எழுதவில்லை. பருத்தி நாடாவில் எழுதித் தைத்தார்கள். உலோகத்தில் முதலில் ஒரு பூச்சு, அதன்மேல் மையில் எண். தேவைப்பட்டால் தடம் தெரியாமல் எடுத்துவிடலாம்.

மிச்சமிருந்தது விளக்க அட்டை. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் (ஆயத்த இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடும் ராணுவப் பாலம்) கட்டினார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு நீளமான பெய்லி பாலம் வேறெங்கும் இல்லை. அதைத் தாத்தாதான் கட்டினார் என்பது எங்கள் வீட்டில் பாலோடு ஊட்டப்பட்ட செய்தி. “கட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பாதையில் பாலம் போட்ட படைக் கம்பெனிகள் பல. இவர் கம்பெனி அன்று எங்கே இருந்தது என்று காட்டுங்கள், எழுதுகிறேன்” என்றார் ஐயா. தென்கிழக்காசியப் படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுப்பில் இருக்கின்றன. கம்பெனி எண் தெரியாமல் அங்கே தேட முடியாது. அதனால் அட்டையில் இப்போதைக்கு, “சிந்த்வின் பாலப் பணியில் பங்கேற்றதாகக் குடும்பத்தார் கூறுகின்றனர்” என்று மட்டும் இருக்கிறது. எனக்கு அது நேர்மையாகப் பட்டது. அத்தைக்கு அவமானமாகப் பட்டது.

பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் பதிவு அலுவலகத்துக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதியிருக்கிறேன். நேரடி வாரிசு என்பதால் அத்தையையே கையெழுத்திடச் சொன்னேன். கலேவா என்று பதில் வந்தால் மறுநாளே அட்டையை மாற்ற வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். வேறு ஊர்ப் பெயர் வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, அந்த அலுவலகத்தில் ஏதோ தவறாகப் பார்த்திருக்கிறார்கள் என்று இப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.