ஒன்றரை மணிக்கு ஒரு டாலி

2016 ஆகஸ்டில் வங்கி வேலையில் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே நவம்பர் 8 வந்தது. ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அந்த இரவிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் எப்போது சாப்பிட்டேன், எந்த பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. வங்கி வேலை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு நன்மை உண்டு. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்தைப் பார்த்தும் மலைப்பு வரவில்லை. தீமையும் உண்டு. வேகமாகச் செய்வதுதான் வேலை என்று கை பழகிவிட்டது.

நடுவில் ஒரு மாற்றல். இப்போது இருப்பது விழுப்புரம் பக்கம் ஒரு சின்னக் கிளை. இங்கேயும் எனக்குக் கேஷ் கவுண்டர்தான்.

ஒரு நாளின் வேலையை ஒழுங்குபடுத்த நானும் எல்லாரையும் போல முயன்று பார்த்தவள்தான். டைரி வாங்கி, பத்து முதல் பதினொன்று வரை இது, பதினொன்றரை வரை அது என்று கட்டம் போட்டேன். கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்கள் யாரும் அந்த டைரியைப் படிக்கவில்லை. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் அது நல்ல முறைதான். எனக்கு இருபத்தைந்தாவது நிமிடத்தில் போன் அதிர்ந்தபோது, முன்னால் ஒரு பாட்டி மை தடவிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க வைக்கணும் கண்ணு?" என்று நின்றிருந்தார். தக்காளியை அன்றோடு விட்டேன்.

கவுண்டரில் நேரம் நம்முடையது இல்லை. அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு நாலு வருஷம் ஆனது. மாதத்துக்கென்று ஒரு உருவம் இருக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது. முதல் வாரம் பென்ஷன்காரர்கள். 2023 செப்டம்பரிலிருந்து பதினைந்தாம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. அன்று வாசல் வரை செருப்பு கிடக்கும். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வருகிறவர்கள், நேரில் வந்துவிட்டோம் என்பதாலேயே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். முகூர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்களன்று மொய்ப் பணம் வரும். நோட்டில் மஞ்சளும் சந்தனமும் ஒட்டியிருக்கும். எண்ணும் இயந்திரம் அவற்றைப் பாதி நேரம் துப்பிவிடும். கையால்தான் எண்ண வேண்டும். அந்தத் திங்கட்கிழமைகளில் என் விரல் நுனி சாயங்காலம் வரை மணக்கும்.

நான் வழிக்கு வந்தது ஒரு குறைச்சலால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கணக்கை முடித்தால் இரண்டாயிரம் குறைகிறது. அதாவது நாலு ஐநூறு. வவுச்சர்களைப் புரட்டினோம், டிராயரைக் கவிழ்த்தோம், குப்பைக்கூடையைக்கூடப் பார்த்தோம். கிடைக்கவில்லை. கேஷில் குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட வேண்டும். கூடுதலாக இருந்தால் அது நமக்கில்லை, தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இந்த நியாயத்தைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு, இங்கே வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த எங்கள் சீனியர் பக்கத்தில் வந்தார். "எந்நேரத்துக்கும்மா போயிருக்கும்?" என்றார். தெரியாது என்றேன். "அதுதான் தப்பு. ரெண்டாயிரம் போனதில்ல, எப்ப போச்சுன்னு தெரியாததுதான் தப்பு."

அவர் சொன்னது இரண்டே காரியம். முதலாவது, டிராயரில் உதிரி சேர விடாதே. நூறு தாள் சேர்ந்ததா, அங்கேயே எண்ணிக் காகிதப் பட்டை போடு. பத்துப் பாக்கெட் சேர்ந்தால் ஒரு கட்டு. (2001 வரை பாக்கெட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் பட்டை வந்தது. அந்தப் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கித் தன் நகம் போன கதையைச் சீனியர் அடிக்கடி சொல்வார்.) இரண்டாவது, எல்லாவற்றையும் சாயங்காலத்துக்கு வைக்காதே, மதியமே ஒரு டாலி போட்டுவிடு.

எங்கள் கிளையில் ஒன்றரை மணி வாக்கில் கூட்டம் வற்றும். திரையில் காட்டுகிற இருப்பையும் டிராயரில் இருக்கிற பணத்தையும் அப்போது ஒப்பிட்டுப் பார்ப்பேன், அதுதான் டாலி. காலையில் நடந்த பிசகு காலைக்குள்ளேயே அடைபட்டுவிடும். வந்தவர்களின் முகம் மறக்காத நேரம் அது. போன வருஷம் ஒரு டீக்கடைக்காரருக்கு ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தது மதியமே தெரிந்தது, அவரும் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், அந்த டாலிக்குப் பிறகு சாப்பாடு இறங்குகிறது. முன்பெல்லாம் டப்பாவைத் திறந்தால் மனசு டிராயரிலேயே இருக்கும்.

அப்புறம் கடிகாரத்தை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை. "இதற்குப் பின் இது" என்பதுதான் என் கணக்கு. காலையில் ஆபீசரும் நானும் ஆளுக்கொரு சாவியோடு பெட்டகத்தைத் திறந்ததும், முதல் ஆள் வருவதற்குள் விரல் நனைக்கிற ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர், பேனாவுக்கு நூல், நூறு ரூபாயும் ஐம்பதும் சில்லறைக்குத் தனியாக. மூன்று பாக்கெட் கட்டினால் ஒரு வாய் தண்ணீர். டாலி, சாப்பாடு. சாப்பிட்டதும் வாசல் வேப்பமரம் வரை ஒரு நடை. பதினைந்தாம் தேதியன்று இந்த வரிசை எல்லாமே இரண்டு மணி நேரம் தள்ளிப் போகும். போகட்டும். வரிசை மாறாதவரை எனக்கு நாள் கலையாது. வீட்டு வரிசை வேறு, அங்கே எனக்கு மேலே இரண்டு மேனேஜர்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்கு எட்டு வயது.

உபயோகமில்லாத ஒரு வேலையையும் இதற்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் நோட்டுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கும்போது பின்பக்கத்தைப் பார்ப்பேன். பத்தில் கொனார்க் சக்கரம், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி கல்தேர், நூறில் குஜராத்தின் ராணி படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐநூறில் செங்கோட்டை. தினமும் ஐந்து மணிக்கு ஒரு டூர். முன்பு இரண்டாயிரத்தில் மங்கள்யான் வரைக்கும் போவோம். 2023 மே மாதம் அந்தத் தாளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததோடு விண்வெளிப் பயணம் ரத்து. பழைய பத்து ரூபாய் கைக்கு வந்தால் காண்டாமிருகம், யானை, புலி. அன்றைக்கு டூர் காட்டு வழியாக.

மகனுக்கும் இது தொற்றிக்கொண்டது. நோட்டின் பின்னால் பதினைந்து மொழிகள் இருக்கின்றன, தமிழ் எத்தனையாவது வரி என்று வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மடக்குகிறான். பதின்மூன்று. சித்தப்பா ஒருவர் இன்னும் இவன்மேல் கோபமாக இருக்கிறார்.

வேலையில் இதனால் லாபம் உண்டா என்று கேட்டால், கிடையாது. அடுக்குவது ஒரு நிமிடம் தாமதமாகலாம். ஆனால் இதை ஆரம்பித்த பிறகு கடைசி அரை மணி நேரத்தில் நான் பஸ்ஸை நினைப்பதில்லை. பஸ்ஸை நினைத்த நாட்களில்தான் எனக்குக் கணக்கு தப்பியிருக்கிறது.

போன வாரம் சாஞ்சியில் ஒரு தாள் குறைந்தது. மதிய டாலி சரியாக இருந்ததால், தேட வேண்டியது மூன்று மணி நேரத்து வவுச்சர்கள்தான். பதினெட்டு. எல்லாம் சரி. புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் என்னைவிடப் பதறினாள். "இருநூறுதானே அக்கா, நான் போட்டுடட்டுமா?" என்றாள். உட்காரச் சொன்னேன். கடைசியில் கையலம்பப் போகும்போது ஸ்பாஞ்சுக் கிண்ணத்தைத் தூக்கினால், அடியில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஸ்தூபி. மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, பாக்கெட்டில் சேர்த்துப் பட்டை போட்டோம். ஐந்து நாற்பது போய்விட்டது. அடுத்தது ஆறு இருபதுக்கு. அதில் ஜன்னலோரம் கிடைத்தது.