கம்பைலருக்கு ஒரு லிமிட் இருந்தா அத வாய் திறந்து சொல்லணும்

கையால எழுதுற கோடுல கம்பைலரோட, அதாவது கோட மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற ப்ரோக்ராமோட, லிமிட்ட தொடுறதெல்லாம் அபூர்வம், ஆனா ஒரு ஸ்கிரிப்ட் போட்டு சி மொழி கோட ஜெனரேட் பண்ண ஆரம்பிச்சா கதையே வேற, எல்ஸ் இஃப் (இது இல்லேன்னா அதான்னு பாக்குற கண்டிஷன்) ஆயிரக்கணக்குல வரிசையா வந்து நிக்கும்.

அந்த எல்ஸ் இஃப்பதான் கொஞ்சம் பாக்கணும். நம்ம கண்ணுக்கு அது மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே லெவல்ல இறங்குற லிஸ்ட். சி கிராமர்ல எல்ஸ் இஃப்னு தனியா ஒண்ணு கிடையாதுங்க, எல்ஸுக்குள்ள ஒரு இஃப், அதோட எல்ஸுக்குள்ள அடுத்த இஃப்னு உள்ள உள்ள போய்ட்டே இருக்கும். கோட படிச்சு பிரிக்கற பகுதியான பார்சர ரிகர்சிவ்வா எழுதியிருந்தா, அது ஒவ்வொண்ணுக்கும் தன்னையே திரும்ப கூப்பிடும், ஒவ்வொரு தடவையும் ஸ்டாக்ல, அதாவது ஃபங்ஷன் கூப்பிடறதுக்குன்னு ஒதுக்குன மெமரில, கொஞ்சம் இடம் போகும், ஸ்டாக் தீந்துச்சுன்னா செக்மென்டேஷன் ஃபால்ட்னு கம்பைலரே கிராஷ் ஆகும், அவ்ளோதான். எத்தனாவது இஃப்ல விழும்னு அந்த கம்பைலர எழுதுனவங்களாலயே சொல்ல முடியாது, ஏன்னா ஓஎஸ் எவ்ளோ ஸ்டாக் குடுத்துச்சு, கம்பைலரையே எந்த ஆப்டிமைசேஷன்ல பில்ட் பண்ணாங்கன்னு எல்லாத்தையும் பொறுத்து அது மாறும். டாகுமென்ட்ல போடறதுக்கு ஒரு நம்பரே இல்ல.

சி மொழியோட விதிப் புத்தகமான ஸ்டாண்டர்ட்ல நம்பர் இருக்கே? இருக்கு, குறைஞ்சது இவ்ளோ தாங்கணும்னு. சி89 பதிப்புல பிளாக் நெஸ்டிங் (ஒண்ணுக்குள்ள ஒண்ணா வர்ற பிளாக்) 15, ஸ்ட்ரிங் லிட்டரல் (மேற்கோளுக்குள்ள எழுதுற டெக்ஸ்ட்) 509 எழுத்து, ஸ்விட்ச்ல 257 கேஸ். சி99ல இதெல்லாம் 127, 4095, 1023னு ஏறிச்சு. ஆனா வாசகத்த நிதானமா படிங்க: இந்த லிமிட் ஒவ்வொண்ணும் ஒரு தடவையாவது வர்ற ஏதாவது ஒரு ப்ரோக்ராம கம்பைல் பண்ணி ஓட்டிட்டா போதும்னுதான் இருக்கு. உங்க ப்ரோக்ராம்தான் அந்த ஒண்ணுன்னு எந்த கட்டாயமும் இல்ல! சி++ல அந்த லிஸ்ட் வெறும் வழிகாட்டிதான்னு நேராவே சொல்லிடுறாங்க, ஆனா தெரிஞ்ச லிமிட்ட டாகுமென்ட் பண்ணியே ஆகணும்னும் சொல்றாங்க, அந்த பாதி எனக்கு ரொம்ப பிடிக்கும்.

லிமிட் இருக்கறது தப்பே இல்ல, மெமரி என்ன முடிவில்லாததா? சத்தமில்லாம செத்துப் போறதுதான் தப்பு. கிளாங்ங்கற கம்பைலர பாருங்க, பிராக்கெட் நெஸ்டிங் 256ஐ தாண்டுனா தாண்டிட்டன்னு எரர் குடுத்து, எந்த ஃப்ளாக் (கம்பைலருக்கு குடுக்குற ஆப்ஷன்) போட்டா ஏத்தலாம்னும் அதுலயே சொல்லும். உள்ள போகும்போது ஒரு கவுண்டர ஏத்தி வெளிய வரும்போது இறக்கணும், இவ்ளோதான் வேலை. இத ஒவ்வொரு கம்பைலரும் பண்ணலாம், பண்ணணும்.

கோட் ஜெனரேட்டர் எழுதுறவங்க அதுவரைக்கும் எல்ஸ் இஃப் சங்கிலிய விட்டுட்டு, கீயும் (தேடுற மதிப்பு) ஃபங்ஷன் பாயின்டரும் (ஓட வேண்டிய ஃபங்ஷனோட முகவரி) இருக்கற ஒரு சார்ட் பண்ண அர்ரேவா வெளிய விடுங்க, பைனரி சர்ச்ல தேடிக்கலாம், நெஸ்டிங் ரெண்டு லெவலுக்கு மேல போகவே போகாது.