‘செய்வேன்’ என்று சொல்லி வேலையைத் தவறவிட்டேன்

“உடன் வேலை செய்பவரோடு உரசல் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.” என் முதல் நேர்காணலில் கேட்ட கேள்வி. “உட்கார்ந்து பொறுமையாகப் பேசித் தீர்ப்பேன்” என்றேன். “சரி, அப்படித் தீர்த்தது எப்போது?” என்றார் நேர்காணல் எடுத்தவர். சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

அவர் கேட்டது என் கொள்கையை அல்ல, நடந்ததை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு, அதே மாதிரி நெருக்கடியில் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்பதே நல்ல தடயம். இந்த எண்ணத்தில்தான் இப்படிக் கேட்கிறார்கள். இவ்வகை நேர்காணலைச் சாதாரண நேர்காணலோடு ஒப்பிட்டு டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர் 1982-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்.

அப்புறம் ஒரு நோட்டில் ஏழு சம்பவங்களை எழுதினேன். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்டார்’ (STAR) என்று சொல்கிறார்களே, அந்த வரிசையில்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. வாய்விட்டுச் சொல்லி ரெகார்ட் செய்து கேட்டபோதுதான் குறை புரிந்தது. சூழலை விவரிப்பதிலேயே பாதி நேரம் போயிருந்தது. செயல் வரும் இடத்திலோ ‘முடித்தோம்’, ‘சரிசெய்தோம்’ என்றே இருந்தது. அதில் நான் என்ன செய்தேன்? வினைமுற்றுகளை ஒவ்வொன்றாக ‘முடித்தேன்’, ‘சரிசெய்தேன்’ என்று மாற்றிப் பார்த்தேன். மாற்ற முடியாதவை என் வேலையே அல்ல, அவற்றை நீக்கிவிட்டேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், மிகவும் உதவும்.

வேலை அனுபவம் இல்லாதவர்கள் கல்லூரி ப்ராஜெக்டையோ தன்னார்வப் பணியையோ சொல்லலாம். கதை மட்டும் கட்டாதீர்கள். “வேறு வழி யோசித்தீர்களா? அவர் என்ன பதில் சொன்னார்?” என்று துருவும்போது, நடக்காத ஒன்றுக்கு விவரம் சொல்ல வராது.

தோல்வியைக் கேட்டால் உண்மையான தோல்வியையே சொல்லுங்கள். அடுத்த நேர்காணலில், ஒரு வேலை தாமதமாவதை இரண்டு நாள் மறைத்து வைத்து, அதனால் குழுவே இரவில் உட்கார நேர்ந்ததைச் சொன்னேன். “அதற்குப் பிறகு?” என்றார். தாமதம் தெரிந்த அன்றே சொல்லத் தொடங்கியதையும், அப்படிச் சொன்ன அடுத்த சம்பவத்தையும் விவரித்தேன். அவர் குறித்துக்கொண்டே கேட்டார். இந்த முறை நினைவைத் தேடித் தடுமாறவில்லை.