மைனியும் நானும் டவுன் பஸ்ஸும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விடியலில் சூரிய உதயம், படகுக்கு வரிசை, ஒரு சங்கு மாலை பேரம், மதியம் ரயில். எங்கள் மைனியும் (அண்ணியை நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம்) திருச்சியிலிருந்து வரும்போதெல்லாம் இதையேதான் செய்வார். இந்த முறை, "ஒரு நாள் எனக்குத் தாருங்க மைனி, கடல் பக்கமே போக வேண்டாம், பஸ்ஸிலேயே சுற்றலாம்" என்று நான் பிடித்துக்கொண்டேன். "பஸ்ஸா? இந்த வெயில்லயா?" என்றார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. திருச்சியிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் மாவட்டம் சின்னது. டவுன் பஸ்ஸே அரண்மனை, கோயில், பூச்சந்தை, சிற்பப் பட்டறை என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். எக்ஸ்பிரஸில் ஏறினால்தான் காசு.

நான் கிளம்பியது சனிக்கிழமை. திங்கள் மட்டும் வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை.

முதலில் தோவாளை. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிப் பாதையில். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் சந்தை காலியாகிவிடும். பிச்சி, மல்லி, சம்பங்கி, கிரேந்தி, கோழிக்கொண்டை எல்லாம் சாக்குச் சாக்காகக் குவிந்து கிடக்கும். கேரளத்து வியாபாரிகள் இங்கிருந்துதான் அள்ளிக்கொண்டு போகிறார்கள், ஓணம் சமயத்தில் விலை கேட்கவே வேண்டாம். ஆனால் நான் மைனியைக் கூட்டிப்போனது மாணிக்க மாலையைக் காட்டத்தான். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. ஒவ்வொன்றையும் மடித்து மடித்து நாரில் கட்டிக்கொண்டே போகிறார்கள். முடிந்ததும் பார்த்தால் பாய் முடைந்த மாதிரி தட்டையாக, கட்டம் கட்டமாக நிறம் பிரிந்து நிற்கும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குப் போகிற மாலை இது. 2025ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டிக்கொண்டிருந்த அக்கா கையைப் பார்க்காமலே பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். மைனி அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், மாலையை அல்ல.

அப்புறம் தக்கலை. வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வரும். அங்கேதான் டிலனாய் கல்லறை. 1741ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கிக் கொடுத்தார். பிடிபட்ட எதிரியையே வேலைக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம் எனக்கு எப்போதும் பிடிக்கும். நேரம் இல்லாததால் நாங்கள் இறங்கவில்லை, ஜன்னல் வழியாகவே கோட்டைச் சுவரைக் காட்டினேன்.

தக்கலையில் இறங்கினால் அரண்மனை கொஞ்ச தூரம்தான். நடக்கலாம், முடியாதவர்களுக்கு ஆட்டோ. 1956 நவம்பர் 1ல் இந்த மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்று மலையாளப் பலகையைப் படிக்கலாம். 1795ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரின் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது.

எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்து மரக்கூரையில் 90 விதப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் சொல்வது, கீழே பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே நடக்கிறோம், கால் சொல்லும். கறுப்பாக, பளபளவென்று, உள்ளங்காலுக்குச் சில்லென்று இருக்கும் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்கிறார்கள். மைனி குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "எங்க வீட்டு டைல்ஸ் மூணு வருஷத்துல மங்கிப் போச்சு" என்றார். ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 2,000 பேர் சாப்பிடலாமாம். அதைக் கேட்டதும் எங்களுக்கும் பசித்தது.

மதியம் நாகர்கோவிலில் சாப்பாடு. இந்த நேரத்தில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பட்டறைகளை மதியத்துக்கு வையுங்கள், கோயிலைச் சாயங்காலத்துக்கு. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளியில் சிவப்புக் கெம்புக் கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டிச் செய்வது. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளின் நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் பலதும் இந்தச் சந்துகளிலிருந்து போனவைதான். மைனி விலை கேட்டார், சிரித்தார், வெளியே வந்துவிட்டோம்.

அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஒரு ரசவடை, ஒரு சாயா. பிறகு மயிலாடி.

இந்த ஊரில் இறங்கியதுமே உளிச் சத்தம் கேட்கும். இப்போது அதோடு மெஷின் இரைச்சலும். ரோட்டோரமாகவே பட்டறைகள், பாதி முடிந்த பிள்ளையார், தலை மட்டும் வந்த நந்தி, கை இல்லாத அம்மன். ஒரு பட்டறையில் கேட்டுவிட்டு உள்ளே போனோம். "தூசி பறக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க மக்கா" என்றார் பெரியவர். கல்லை வாங்கும்போதே தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று கேட்டால் நல்ல கல், அடைத்தாற்போல் கேட்டால் உள்ளே எங்கோ விரிசல். சுத்தியலை மைனி கையில் கொடுத்து இரண்டு கல்லைத் தட்டச் சொன்னார். வித்தியாசம் எனக்கே கேட்டது. வெட்டுவதற்கும் மட்டம் பண்ணுவதற்கும் மெஷின் வந்துவிட்டது, முகத்துக்கு மட்டும் உளியைத்தான் நம்புகிறார். காவிக் கோடு போட்டிருந்த ஒரு முருகன் முகத்தில் மூக்குத் துவாரத்தை ஊதி ஊதிச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஊதல், இரண்டு தட்டு, மறுபடி ஊதல். அவசரமே இல்லை. இந்த ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே சுசீந்திரம் கோயில். 134 அடிக் கோபுரம், 18 அடி அனுமன், தட்டினால் சுரம் வரும் தூண்கள் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு அங்கே உள்ளே போகும் முன் தேரோடும் வீதியில் ஒரு சுற்று நடக்க வேண்டும். 1926ல், ஒடுக்கப்பட்ட சாதியினர் இந்த வீதியில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பரில்தான், கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூரில் வந்தது. எங்கள் பாட்டி சின்ன வயதில் இந்த வீதியை எட்டத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். மைனிக்கு இது தெரியாது. "அப்போ இன்னொரு சுற்று வருவோம்" என்றார், வந்தோம்.

செலவு என்று பார்த்தால் சாப்பாடு, சாயா, அரண்மனை டிக்கெட், ஒரு ஆட்டோ, ஒரு சீப்பு மட்டிப்பழம். இரண்டு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய் தாண்டவில்லை. ஆண்கள் கூட வந்தால் அவர்கள் பஸ் காசு தனி, அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை.

சிதறால் மலை, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாவற்றையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அது மார்த்தாண்டம் பக்கம், தனியாக ஒரு நாள் வேண்டும். சிதறாலுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியத்தில் பாறை சுடும்.