உகந்தைப் பாலையும் குடும்பிமலைப் பாலையும்

பாலை மரத்தின் இலையைப் பார்க்கத்தான் உகந்தைக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. கதிர்காமப் பாத யாத்திரைக்காரர்கள் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள உகந்தை முருகன் கோவிலில் கூடும் காலம் அது. திருநீறு மறக்காமல் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். பாலைப்பழமும் அதே நாட்களில்தான் பழுக்கிறது என்பது எனக்குக் கூடுதல் வசதி.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில். அங்கிருந்து பாணமைக்கு இன்னொரு பஸ். அதற்கப்பால் செம்மண் பாதையில் முச்சக்கர வண்டி. இடுப்பு வலியைத் தவிர அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கோவிலை ஒட்டிய பாறைகளில், கடலைப் பார்த்த சரிவில் நிற்கும் பாலைகள் ஆள் உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கின்றன. காற்று அவற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. இலைகள் கிளை நுனிகளில் கொத்தாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் என் பெருவிரல் நீளம்தான். தடித்த இலை, மேற்புறம் மினுங்கும் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறல். நடுநரம்பு கைக்குத் தட்டுப்படுகிறது. பக்க நரம்புகளைக் காண இலையை வெயிலுக்கு நேரே பிடிக்க வேண்டும். காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் அகன்று, நுனியின் நடுவில் யாரோ நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு பள்ளம். காம்பை முறித்தால் வெள்ளைப் பால் துளிர்க்கிறது.

சில மாதங்களுக்கு முன் கிரான் வழியாக, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குடும்பிமலைப் பக்கம் போனபோது நான் பார்த்த பாலைகள் வேறு மாதிரி இருந்தன. நெடிய மரங்கள். கைக்கு எட்டிய தாழ்ந்த கிளைகளில் இலை நடுவிரலைவிட நீளம், மெல்லியது, நுனிப் பள்ளம் அநேகமாக இல்லை, வெறுமனே உருண்டிருந்தது. இரண்டு இலைகளையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு சாதி மரம் என்றே எவரும் சொல்வார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் உகந்தைக்கு வந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு குரங்குக் கூட்டம். கரையிலிருந்து உள்ளே, காடு அடரும் இடத்தில் ஒரு பெரிய பாலையின் உச்சியில் அவை பழம் தின்றுகொண்டிருந்தன. ஒடிந்த சிறு கிளைகள் கீழே கொட்டிக் கிடந்தன. உச்சியிலிருந்து விழுந்த இலை சிறியது, தடித்தது, பள்ளம் தெளிவானது: அப்படியே பாறைச் சரிவின் இலை. அதே மரத்தின் நிழற்கிளையில் இருந்ததோ நீண்ட, மெல்லிய குடும்பிமலை இலை. எண்பது மைல் அளவு இடைவெளியில் நான் தேடிய வேறுபாடு முழுவதும் ஒரே மரத்தில் மேலும் கீழுமாக இருந்தது.

காரணம் வெயிலும் நீரும். உச்சி இலைக்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஈரத்துக்குத்தான் தட்டுப்பாடு; வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிறிய, தடித்த இலைதான் நீரை இழக்காமல் தாக்குப்பிடிக்கும். நிழலில் இருக்கும் இலை கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க அகன்று மெலிகிறது. கடற்கரை மரத்துக்கு நிழற்கிளையே கிடையாது. ஆகவே அதன் இலைகள் எல்லாமே உச்சி இலைகள்.

இதில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டிடத்து விதைகளையும் ஒரே தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால்தான் அது பிரியும். பாலை வளர்கிற வேகத்துக்கு அந்தச் சோதனையை என் பேரப்பிள்ளைகள்தான் முடிக்க வேண்டியிருக்கும். இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக் கன்றுகளைத்தான் அடிமரமாக வளர்க்கிறார்கள், இரண்டும் ஒரே பேரினம். அங்கும் கன்று தடிப்பதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். இவ்வளவு மெதுவாக வளர்வதால்தான் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு மரம் கனக்கிறது. தூணுக்கும் நிலைக்கும் ஆள் தேடி வந்து வெட்டியதும் அதனால்தான். உகந்தையில் பெரிய மரங்களின் அடியில் கன்றுகளைத் தேடினேன். மிகச் சிலதான் கண்ணில் பட்டன.

குமண தேசிய பூங்காவின் வாசல் அங்கேயே இருக்கிறது. பழக் காலத்தில் பாலை மரத்தில் கரடியைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டினார்கள். நான் உள்ளே போகவில்லை. கரடி இலையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை.

திரும்பும்போது கோமாரியில் வீதியோரம் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பையிலிருந்த இலைகளைக் காட்டினேன்.

“இலையைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் மனே? பழத்தைத் தின்று பார். தின்ற பிறகு உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசு, பால் ஒட்டும்.”

அவர் மரங்களைப் பழத்தால்தான் பிரிக்கிறார். பால் கூடிய மரம், கொட்டை பெருத்த மரம், சதை கூடிய மரம் என்று தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார். ஒரு மரத்தின் பழத்தை மட்டும் கூடையில் கலக்காமல் தனிப் பையில் வைத்திருந்தார், விலையும் கூட. தின்று பார்த்தேன், நியாயமான விலைதான். அது கரைப் பக்கத்து மரமா, காட்டு மரமா என்று கேட்டேன்.

“சொன்னால் நாளைக்கு நீயே போய்ப் பறித்துவிடுவாய்” என்றார்.