காபன் நார்க் கூட்டுப்பொருளில் கியூரிங்: பரீட்சைக்கு நான் படித்த முறை

கொழும்பில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், காபன் நார்களைப் பிணைக்கும் ரெசின் என்ற பிசினை வெப்பத்தால் இறுக வைக்கும் கியூரிங் பகுதியை, ஒவ்வொரு முறைக்கும் நன்மை தீமை எழுதிப் பாடமாக்குகிறார்கள். அப்படிப் படித்தவருக்கு, ஒரு பண்பு ஏன் மாறுகிறது என்று வினா வந்தால் பேனா நகராது. எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்விதான்: கேட்கப்படும் பண்பை நார் தாங்குகிறதா, ரெசின் தாங்குகிறதா?

நார்த் திசையில் இழுக்கும்போது சுமையின் பெரும்பங்கை நார்களே ஏற்பதால், அவற்றின் கனவளவுப் பங்கும் நேர்த்தன்மையும் ஒத்திருக்கும்வரை, கியூரிங் முறை மாறினாலும் இழுவை வலிமை அதிகம் மாறுவதில்லை. படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரிவதை எதிர்க்கும் வலிமையோ ரெசினையும் அது நாரோடு கொண்ட பிணைப்பையும் பொறுத்தது. இங்கேதான் ரெசினுள் சிக்கிய வெற்றிடக் குமிழ்கள் கேடு செய்கின்றன. தாங்கிகளின் இடைத்தூரத்தைத் தடிப்பின் 4 மடங்காக வைத்து நடுவில் அழுத்தும் குறுவளைச் சோதனை (குட்டை உத்திரம் போன்ற துண்டில் செய்வது; ஏஎஸ்டிஎம் டி2344 என்ற சோதனைத் தரம்) இதைத்தான் காட்டுகிறது.

விமானப் பாகங்களுக்கான எப்பொக்சி ரெசினை ஆட்டோகிளேவில் (வெப்பமும் அமுக்கமும் தரும் மூடிய கலன்) ஏறத்தாழ 180 பாகை செல்சியஸிலும் 6, 7 பார் அமுக்கத்திலும் இறுக்குவது வழக்கம். ரெசின் பாயாத ஜெல்லாகும் முன்பே அந்த அமுக்கம் கிடைப்பதால், கரைந்திருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழாக வளர முடிவதில்லை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பையை மட்டும் நம்பும் ஓவனில் கிடைப்பது அதிகபட்சம் ஒரு வளிமண்டல அமுக்கமே. ஆகவே அதற்கென வடிவமைத்த, காற்று வெளியேற வழி விட்ட பிரிபிரெக் (முன்கூட்டியே ரெசின் ஊட்டிய நார்த்தாள்) தேவைப்படுகிறது.

நமது ஊரின் ஈரப்பதனை இங்கே மறக்கவே கூடாது. மைனஸ் 18 பாகையில் வைத்த பிரிபிரெக்கை வெளியே எடுத்ததும் உறையின் மேல் நீர்த்துளிகள் படியும். அது அறை வெப்பநிலைக்கு வருமுன் உறையைத் திறந்தால், அதே துளிகள் ரெசினின் மேல் படிந்து பின்னர் குமிழ்களாகும். செய்முறைத் தேர்வில் இதை எழுதுங்கள்.

மைக்ரோவேவ் முறை நேரத்தைக் குறைக்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள். காபன் நார் மின்கடத்தி என்பதால் விளிம்புகளில் தீப்பொறி எழலாம், வெப்பமும் சீரற்றுப் பரவலாம். அப்போது ஒரே தகட்டில் இறுகிய பகுதியும் அரைகுறையாக இறுகிய பகுதியும் இருக்கும். அரைகுறையாக இறுகிய எப்பொக்சியின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைப்பான ரெசின் மென்மையாகத் தொடங்கும் வெப்பநிலை) தாழ்ந்தே இருக்கும். மாதிரியைச் சூடாக்கும்போது அது ஏற்கும், வெளிவிடும் வெப்பத்தைக் காட்டும் டிஎஸ்சி வரைபில் எஞ்சிய வெளிவெப்ப முகடு தென்பட்டால், இறுகல் முடியவில்லை என்று உறுதியாக எழுதலாம்.