எல்ஸேவுக்கு வந்த தந்தி

பழைய வியன்னா, பாலியல், ஒழுக்கம் என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராக உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டிடம் போய்விடுகிறார்கள். நான் முதலில் கையில் கொடுப்பது வியன்னா எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் குறுநாவல் 'ஃப்ராய்லைன் எல்ஸே' (1924).

எல்ஸேவுக்கு 19 வயது. மலை விடுதியில் தங்கியிருப்பவளுக்கு அம்மாவின் கடிதம் வருகிறது. வக்கீல் அப்பா அடுத்தவர் பணத்தைக் கையாடிவிட்டார், 30,000 கில்டர் (அந்தக் கால ஆஸ்திரிய நாணயம்) கட்டாவிட்டால் கைது. அதே விடுதியில் இருக்கும் பணக்காரர் டோர்ஸ்டேயிடம் நீ கேட்டுப் பாரேன் என்கிறாள் அம்மா. அவரோ, கால் மணி நேரம் உன்னை நிர்வாணமாகப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அப்புறம் ஒரு தந்தி. தொகை முப்பது இல்லை, ஐம்பது. பணம் அனுப்ப வேண்டிய முகவரி அதேதான். மகளைப் பேரத்துக்கு அனுப்பும் நேரத்திலும் முகவரி மறக்கவில்லை! அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது.

கதை முழுக்க எல்ஸேயின் மனதுக்குள்தான் ஓடுகிறது. அவளுக்குத் தன் அழகில் பெருமை உண்டு, பார்க்கப்படும் ஆசையும் உண்டு. அதை வைத்து ஷ்னிட்ஸ்லர் அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை. கடைசியில் இசைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் மேலங்கியைத் திறந்துவிட்டு விழுகிறாள். சுற்றியிருப்பவர்கள் ஹிஸ்டீரியா என்கிறார்கள். டோர்ஸ்டே என்ன கேட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதே வியன்னாவில்தான் 1903இல் ஓட்டோ வைனிங்கர் என்ற இளம் தத்துவவாதி, பெண்ணுக்கு அற உணர்வே கிடையாது என்று தடித்த புத்தகம் போட்டார். அதைப் படிப்பவர்கள் ஆஸ்திரியப் பெண்ணிய எழுத்தாளர் ரோசா மைரேடர் பெண்மை பற்றி 1905இல் வெளியிட்ட கட்டுரைகளையும் சேர்த்துப் படியுங்கள். ஜெர்மன் தெரிந்த நண்பர்கள் யாராவது மைரேடரைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.